ஜல்லி மேடைக்கு அடியில்

…ஆட்டை வெட்டிவிட்டால் மட்டும் அறுந்த இரும்புவடம் ஒட்டிக்கொள்ளுமா, எந்தப் பொறியியல் புத்தகத்தில் எழுதியிருக்கிறது அப்படி, என்று பலபானோவின் மூஞ்சிக்கு நேரே கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டது தப்பு, இப்போது நினைத்து என்ன, ஆடு வெந்தாயிற்று, தின்றாயிற்று, ஏப்பமும் விட்டாயிற்று, ஆற்றங்கரை முழுக்க இன்னும் புதினா போட்ட கறிச்சாற்றின் வாசம் அடிக்கிறது… வெனெத்தா ஜல்லி மேடையின் ஓரத்தில் பாதுகாப்புத் திட்டக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள், கையில் காகிதக் குவளை, அதில் ஆறிப்போன காபி. போன வாரம், பூமியைத் துளைத்து அஸ்திவாரத் தூண் இறக்கும் பைலிங் இயந்திரத்தின் வடம் ஒன்று அறுந்து, சுழன்று வந்து, ஒருவனுடைய தலைக்கவசத்தை மட்டும் தட்டிக்கொண்டு போனது, ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றிருந்தால் தலையே போயிருக்கும். அன்று மாலை தள இயக்குநர் பலபானோவிடம் அவள் கேட்டது என்ன பெரிதாக, வடங்களை எல்லாம் மாற்று, ஆற்றுப் பக்கத்து மேடையைப் பிரித்து மறுபடி ஜல்லி போட்டு இறுக்கு, அதுவரைக்கும் இயந்திரத்தை நகர்த்தாதே. அதற்கு அந்த மகானுபாவர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுச் சொன்ன பதில்: “தங்கம், பசங்க பயந்து கெடக்கானுங்க. கியோர்கி திருநாள் வருதுல்ல, ஆடு வெட்டி ஒரு குர்பான் போட்டுடுவோம். எல்லாம் சரியாப் போயிடும்.” தங்கமாம். நாற்பத்தேழு வயதுக்காரியைத் தங்கம் என்று கூப்பிடுகிற ஆளிடம் மண்ணின் தாங்குதிறனைப் பற்றிப் பேசப் போன தன்னைத்தான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். வடத்தை மாற்றினார், அது வேறு கதை, காப்பீட்டுக்காரன் கேட்பான் என்று மாற்றினார். மேடைக்குத்தான் ஆடு.

இந்த ஜனங்களுக்கு மேடை என்றால் என்னவென்றே தெரியாது, ஜல்லி கொட்டிக் கிடக்கிறது, அதன் மேல் வண்டி போகிறது, அவ்வளவுதான் நினைப்பு. அதற்கு அடியில் இருப்பது மண் கூட இல்லை, டான்யூப் காலம் காலமாகக் கொண்டுவந்து துப்பிய சேறு, கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும், அதனால்தானே இந்தத் தானியக் கிடங்குக்கு இத்தனை பைல் போடுகிறோம், நிலம் நன்றாக இருந்தால் எவன் போடுவான்? அந்தச் சேற்றின் மேல் கனத்த துணி விரித்து, துணியின் மேல் உடைகல்லை அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் உருளை விட்டு அழுத்தி, இரும்புத் தட்டு வைத்து அமுக்கிப் பார்த்து… அறுபது டன் இயந்திரம் ஆறு மாடி உயரத்துக்குக் கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு அதன் மேல்தான் நடக்கிறது, நிற்கிறது, பூமியைத் துளைக்கிறது. மேடை முழுக்க நன்றாக இருந்து ஒரே ஓர் இடத்தில், ஒரு கதவகலத்துக்கு இளகியிருந்தால் போதும். சங்கிலிச் சக்கரத்தின் ஓரம் அதில் நான்கு விரல் இறங்கினால் மேலே கோபுரத்தின் நுனி ஒரு முழம் சாயும், சாய்ந்தால் கனம் முழுக்க அந்த ஓரத்துக்கே வரும், வந்தால் இன்னும் இறங்கும், அதற்கப்புறம் எந்தப் புனிதர் வந்து முட்டுக்கொடுத்தாலும் நிற்காது. இதைத்தான் அவள் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதினாள். சோஃபியாவில் இருக்கும் தலைமை அலுவலகத்து மேதைகள் அனுப்பிய திட்டத்தில் ஆற்றின் பெயரே தப்பு, மரிட்சா ஆறு என்று இருந்தது, எங்கேயோ தெற்கே செய்ததை அப்படியே நகல் எடுத்து அட்டையை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தார்கள், அட்டையில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஒரு தொழிலாளி, அப்படிப்பட்ட பல்வரிசை இந்தத் தளத்தில் எவனுக்கும் கிடையாது. பரிசோதகர் என்று ஒருவர் வந்தார், தலைக்கவசத்தின் தாடைவாரை இழுத்துப் பார்த்தார், தீயணைப்பு உருளையின் தேதியைப் பார்த்தார், பிறகு பலபானோவோடு மீன் சாப்பிடப் போய்விட்டார். கீழே குனிந்து மேடையைப் பார்த்தவர் எவர்? ஒருத்தருமில்லை. அவள் ஒருத்திதான் குனிகிறாள், குனிந்து குனிந்து இடுப்பு போனதுதான் மிச்சம்.

கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவனைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். ராங்கெல். பதினோரு வருஷம் அவளுக்குப் புருஷனாக இருந்தவன், இப்போது அவள் கையெழுத்துப் போட்டால்தான் இயந்திரத்தை நகர்த்த முடியும், அதில் அவனுக்கு ஒரு வருத்தமும் கிடையாது, வெட்கமும் கிடையாது, சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டே “கையெழுத்துப் போடுங்க அம்மணி” என்பான். நாட்டின் இந்த வடமேற்கு மூலையில் பைலிங் இயந்திரம் ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பது இவன்தான், அதனால் எந்தத் தளத்துக்குப் போனாலும் இவன் முகத்தில்தான் விழிக்க வேண்டியிருக்கிறது, என்ன தலையெழுத்தோ. கூண்டில் சாய்வு காட்டுகிற திரையின் மேலேயே கியோர்கி புனிதரின் படத்தை ஒட்டி வைத்திருந்தான், எடு என்றாள், ஒரு விரற்கடை தள்ளி ஒட்டினான். அதுதான் ராங்கெல். எதையும் மறுக்க மாட்டான், எதையும் செய்ய மாட்டான், எதையும் சொல்லவும் மாட்டான். காரை விற்றதை எதிர்வீட்டுக்காரி சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். ஒரு தடவை வேலை போய்விட்டது, அதைச் சொல்லாமல் ஒரு மாதம், முழுசாக ஒரு மாதம், தினமும் காலையில் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போய் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தான், பிடித்த மீனைக் கூட வீட்டுக்குக் கொண்டுவர முடியாமல் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தான் கழுதை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், “நீ ஒரு மாதிரி பாப்ப, அதான்.” ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி? பொய் சொன்னவனை வேறு எந்த மாதிரி பார்ப்பதாம், ஆரத்தி எடுத்தா பார்ப்பார்கள்?

நேற்று அவள் கன்டெய்னர் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. கதவுக்கு வெளியே எல்லாம் நடந்தது, சன்னல் வழியாகத் தெரிந்தது போதும். பாதிரியார் துளசிக் கொத்தைத் தண்ணீரில் நனைத்து இயந்திரத்தின் மேல் தெளித்தார், சங்கிலிச் சக்கரத்தின் மேல் தெளித்தார், மின்சாரப் பெட்டியின் மேலும் தெளித்தார், அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் கொண்டுவராதே என்று பலகை வைக்க அவள் எத்தனை நாள் மல்லுக்கு நின்றாள்! ஆடுகளின் இரத்தம் அஸ்திவார மண்ணுக்குப் போயிற்று, கறி பெரிய கொப்பரைகளில் வெந்தது, அடுப்புகளையாவது மேடைக்கு வெளியே வைத்தார்களே, அந்த மட்டுக்கும் புண்ணியம். பிறகு அக்கார்டியன், பிறகு ராக்கியா சாராயம், பிறகு கைகோத்துக்கொண்டு வட்டமாக ஆட்டம், அவளுடைய மேடையின் மேல், அவள் தட்டு வைத்து அமுக்கிப் பார்த்த மேடையின் மேல், வாரில்லாத செருப்போடு. எவனோ கதவைத் தட்டினான், “மேடம், வாங்க, சூடா இருக்கு, ஆரோக்கியத்துக்கு நல்லது” என்றான், “எனக்கு வேலை இருக்கு” என்றாள், கதவைத் திறக்கவில்லை. என்ன வேலை? கோபுரம் விழுந்தால் எது வரைக்கும் விழும் என்று வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள், வட்டம் பலபானோவின் அறைக்குள்ளே புகுந்து போனது, அவருடைய காபி மேசை சரியாகக் கோட்டின் மேல் விழுந்தது, அதில் அவளுக்கு ஓர் அற்ப சந்தோஷம். வெளியே அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் தயிர் டப்பாவைத் திறந்து தின்றாள், அது புளித்திருந்தது.

சரி, அது போகட்டும், இன்றைக்கு வேலை நடக்க வேண்டும். காலையில் முதல் ஆளாக வந்து, முடிந்த பைலில் இருந்து அடுத்த பைல் வரைக்கும் இயந்திரம் நடக்கப் போகிற பாதையை அவளே நடந்து பார்த்தாள், ஒவ்வோர் அடியாக, காலால் மிதித்து மிதித்து. பள்ளம் இல்லை, விரிசல் இல்லை, தண்ணீர் தேங்கவில்லை. ஆச்சரியமாக இருந்தது, ஒரு திருநாள் கூத்துக்குப் பிறகு இவ்வளவு சுத்தமாக விட்டிருக்கிறார்களே, ஓரிடத்தில் ஜல்லி புதிதாக வெளுப்பாகக்கூட இருந்தது, பரவாயில்லையே, சொல்லாமலே நிரவியிருக்கிறார்கள், இத்தனை மாதமாகக் கத்தியது வீண் போகவில்லை என்று நினைத்தாள்… அப்படித்தான் நினைத்தாள், முட்டாள். சிவப்பு நாடா கட்டியாயிற்று, வட்டத்துக்குள் யாரும் வரக்கூடாது, இயந்திரத்துக்கு முன்னால் கைகாட்டிக்கொண்டு நடக்கும் சான்கோவைத் தவிர. அவள் கையெழுத்துப் போட்டாள். “போகலாமா அம்மணி?” என்று கூண்டிலிருந்து குரல் வந்தது. “போ. மெதுவாப் போ. கோபுரம் நிமிந்திருக்குங்கறது ஞாபகம் இருக்கட்டும்.” “நீ இருக்கிறப்ப மறக்க முடியுமா?” சான்கோ பக்கென்று சிரித்தான், அவனுக்கு இதெல்லாம் ஒரு சினிமா, இப்போது புருஷன் பொண்டாட்டியாக இல்லாத இரண்டு பேர் சண்டை போடுவதைப் பார்ப்பதற்கென்றே இவன் வேலைக்கு வருகிறான் போலிருக்கிறது, ஐம்பது வயது, மூன்று பேத்தி, முகத்தைப் பார்த்தால் மகா சாது.

இயந்திரம் உறுமியது, சங்கிலிகள் ஜல்லியை நறநறவென்று மென்றன, கோபுரத்தின் உச்சியில் இருந்த சின்னக் கொடி படபடத்தது. சான்கோ பின்னோக்கி நடந்துகொண்டே இரண்டு உள்ளங்கையையும் தன் பக்கமாக அசைத்தான், வா, வா, வா. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, தானும் கொஞ்சம் மூச்சை விட்டுக்கொண்டால் என்ன, எதிர்க்கரையில் ருமேனியாக்காரன் விதைக்கிறானோ என்னவோ, டிராக்டர் தெரிகிறது… அப்போதுதான் நாய். தளத்து மஞ்சள் நாய், ஷாரோ என்று கூப்பிடுவார்கள், நாடாவுக்கு அடியில் புகுந்து வந்து இயந்திரம் போகும் பாதையின் நட்டநடுவில் உட்கார்ந்து பறண்ட ஆரம்பித்தது. இயந்திரம் நின்றது. நின்றுவிட்டது! ராங்கெல் ஹார்ன் அடித்தான், நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஜல்லி பின்னால் பறந்தது. இத்தனை வருஷத்தில் அவள் நிறுத்து என்று சொல்லி விதை கொறிப்பதைக் கூட நிறுத்தாதவன் ஒரு தெருநாய்க்காக அறுபது டன்னை நிறுத்துகிறான், பெரிய கருணாமூர்த்தி. ஆனால் சான்கோ… சான்கோ ஏன் இப்படி அலறுகிறான்? “ஏய், சனியனே, அதத் தொடாத! அங்க வாய வெக்காத! பாவம் புடிக்கும், போ!” கல்லைப் பொறுக்கி எறிந்தான். நாய் குப்பையைக் கிளறினால் எவனும் இப்படிப் பதற மாட்டான், போன வாரம் அதே நாய் பலபானோவின் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு போனபோது இவன்தான் கைதட்டினான்.

வெனெத்தா நாடாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள், போவதற்கு முன்னால் கையை உயர்த்தி ராங்கெலின் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் போனாள், அது விதி, அவளே எழுதிய விதி. நாயை விரட்டினாள். நாய் பறண்டிய இடத்தில் வெளுப்பு ஜல்லி இரண்டு விரல் கனம்தான் இருந்தது, அதற்கடியில் கல்லே இல்லை, கறுப்பு மண், பொலபொலவென்று. ஒரு காலை அதன் மேல் வைத்தாள். காலணி கணுக்கால் வரைக்கும் இறங்கியது, சத்தமே இல்லாமல், மாவுக்குள் இறங்குகிற மாதிரி. ஓரத்தில் துணி தெரிந்தது, அவள் நின்று விரிக்க வைத்த துணி, கத்தியால் நேர்க்கோடாகக் கிழித்திருந்தார்கள், கிழித்தவனுக்கு நல்ல கை. அதற்குள் ஏதோ வெள்ளையாக, வளைவாக… விலா எலும்பு. நேற்று சாயங்காலம் சின்னத் தோண்டும் வண்டியின் சத்தம் கேட்டதே, கேட்டது, நன்றாகவே கேட்டது, அடுப்புச் சாம்பலை மூடுகிறார்கள் என்று நினைத்து எழுந்துகூடப் பார்க்கவில்லை, தயிர் தின்றுகொண்டிருந்தாள். குர்பான் எலும்பை நாய்க்குப் போடக்கூடாது, குப்பையில் எறியக்கூடாது, மண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும், இது அவளுக்குத் தெரியாதா, இந்த ஊரில் பிறந்த எவளுக்குத் தெரியாது? தெரியும். ஆனால் திட்டத்தில் எழுதவில்லை. வெள்ளம் எழுதினாள், காற்று எழுதினாள், பழைய போர்க்காலக் குண்டு புதைந்திருக்கலாம் என்று கூட எழுதினாள், ஆட்டெலும்பை எழுதவில்லை. இரும்புச் சங்கிலியின் முன்விளிம்பு அவளுக்கு எட்டும் தூரத்தில், பளபளவென்று தேய்ந்து, சூடாக நின்றுகொண்டிருந்தது.

இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தாள். முழு நிறுத்தம். “பின்னால போ!” கத்தினாள், குரல் கீச்சென்று வந்தது, அது அவளுக்கே பிடிக்கவில்லை, “வந்த தடத்துலயே போ, ஒரு விரல் கூட விலகாத, திருப்பாத!” ஆச்சரியம், அவன் சொன்னபடியே செய்தான். தன் தடத்தின் மேலேயே பின்வாங்கினான், மெதுவாக, பூனை மாதிரி, அவனுக்கு ஓட்டத் தெரியும், அதை மட்டும் அவள் எப்போதும் மறுத்ததில்லை. இயந்திரம் அணைந்தது. அந்த அமைதியில் அவள் குழியையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லையே. ஆகியிருந்தால்? விழுந்தால் கூண்டு அடியில் போகும், கோபுரம் மேலே வரும். அப்புறம் வழக்கமானதுதான், பேருந்து நிறுத்தத்திலும் ரொட்டிக் கடைக் கதவிலும் அவன் வீட்டுக் கதவிலும் கறுப்புக் கட்டம் போட்ட சாவு அறிவிப்புத் தாள், அதில் அவனுடைய போட்டோ, அவனுடைய அம்மா அந்த மீசை வைத்த போட்டோவைத்தான் கொடுப்பாள், எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டாள், அந்த மீசையில் அவன் திருடன் மாதிரி இருப்பான். மீசை வேண்டாம் என்று சொல்ல இனி அவளுக்கு என்ன உரிமை? என்ன நினைப்பு இது, இந்த நேரத்தில், சீ. கண் எரிந்தது. தூசி.

பலபானோவ் தன் அறை வாசலில் வந்து நின்று கத்தினார். “என்னாச்சு தங்கம்? ஏன் நின்னுடுச்சு?” “உங்க ஆடு வழிய மறிச்சுக்கிட்டு நிக்குது!” என்று திருப்பிக் கத்தினாள். அவருக்குப் புரியவில்லை, போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார், அந்த ஆளுக்குப் புரியாத போதெல்லாம் போன் வரும். ராங்கெல் கூண்டிலிருந்து இறங்கி வந்தான், இறங்கும்போது ஏணியைப் பார்த்துக்கொண்டு முறைப்படி இறங்கினான், குழியைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான், யாரோ செத்துப்போன மாதிரி.

“எவன் தோண்டினது?” என்றாள். சான்கோ தன் காலணியைப் பார்த்தான். “எல்லாருந்தான் மேடம்.” “எல்லாரும் சேந்து ஒரு வண்டிய ஓட்ட முடியாது சான்கோ.” “நாந்தான் ஓட்டினேன்” என்றான் ராங்கெல், “எடம் சொன்னதும் நாந்தான். அடுத்த பைலுக்குப் பெரிய வண்டி இங்கதான நிக்கும், அதுக்கு நேர் அடில இருந்தா காவலா இருக்கும்னு…” காவல்! அவளுக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. தன் கூண்டுக்கு நேர் கீழே, தன் கையால், கத்தியால் துணியைக் கிழித்து, இடுப்பளவுக்குக் குழி வெட்டி, மேலே ஜல்லி தூவி, யாருக்கும் தெரியாமல் நிரவி… இவ்வளவு அழகாகச் சாக ஏற்பாடு செய்துகொண்ட ஒருவனை அவள் பார்த்ததே இல்லை, இதில் பாதி அக்கறை அவள் திட்டத்தின் மேல் காட்டியிருந்தால்! “நீயெல்லாம் எத்தன வருஷமாய்யா இந்த வண்டிய ஓட்ற? எறும்புப் புத்து மேலயாவது நிக்க வெப்பியா நீ அத?” அவன் காலால் ஒரு கல்லைக் குழிக்குள் தள்ளினான். “ஒரு ஆட்டோட எலும்பு அறுபது டன்னத் தாங்கும்னு உனக்கு யாரு சொன்னா? பாதிரியாரா?” “மூணு ஆடு மேடம்” என்று சான்கோ மெல்லத் திருத்தினான்.

“சரி, தோண்டினீங்க. எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? ஒரு வார்த்த. காலைல நான் இங்க மிதிச்சு மிதிச்சு நடக்கிறேன், நீ அங்க நின்னு விதை கொறிச்சிட்டிருக்க. வாயில என்ன, கொழுக்கட்டையா?” ராங்கெல் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். “சொல்லிருந்தா என்ன பண்ணிருப்ப?” “மூடச் சொல்லிருப்பேன், கல்லு போட்டு இறுக்கச் சொல்லிருப்பேன், வேற என்ன பண்ணுவேன்?” “அதுக்கு முன்னாடி?” என்றான். அதுக்கு முன்னாடி என்ன, அதுக்கு முன்னாடி ஒன்றுமில்லை… அதுக்கு முன்னாடி சிரித்திருப்பாள். ஆமாம், சிரித்திருப்பாள், எல்லார் முன்னாலும், சாயங்காலம் வரைக்கும் வைத்து வைத்துச் சொல்லியிருப்பாள், தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரித்திருப்பாள். அதற்காக? அதற்காக ஒருவன் உயிரைப் பணயம் வைப்பானா, சிரிப்புக்குப் பயந்து? அறுபது டன்னுக்குப் பயப்படாதவன்? ராங்கெல் அவளைப் பார்க்காமல் குழியைப் பார்த்துச் சொன்னான், “உன் பங்கும் அதுலதான் இருக்கு. நீ வரல. பங்கு வெச்சத எவனும் திங்கவும் கூடாது, எறியவும் கூடாது. தட்டோட வெச்சேன். நீதான தெனம் வண்டிக்குப் பக்கத்துல நிக்கிற.”

அவள் குனிந்து குழிக்குள் அந்தத் தட்டைத் தேடினாள். முட்டாள்தனம் என்று சொல்லலாம், முட்டாள்தனம்தான், அதில் சந்தேகமே இல்லை, கணக்குப் போட்டுக் காட்டலாம். கதவைத் தட்டியவன் இவன்தானா? குரலை வைத்துக் கண்டுபிடித்திருக்க வேண்டாமா, பதினோரு வருஷம் கேட்ட குரல்… அல்லது வேறு எவனையாவது அனுப்பினானா, தான் தட்டினால் திறக்க மாட்டாள் என்று? தூண்டிலோடு ஒரு மாதம் உட்கார்ந்திருந்தானே, அந்த ஒரு மாதத்தில் எத்தனை தடவை வாசல் வரைக்கும் வந்து, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று… இல்லை, அதையும் இதையும் போட்டுக் குழப்பக்கூடாது, அவன் பொய்யன், அது நிரூபணமான விஷயம், கோர்ட்டே ஒத்துக்கொண்டது. ஆனால் சான்கோ பொய்யன் இல்லையே. இங்கே இருக்கிற எல்லாருமே பொய்யர்களாக இருக்க முடியுமா? மேடையைத் தட்டு வைத்து அமுக்கிப் பார்க்கலாம், எத்தனை கனம் தாங்கும் என்று தெரிந்துவிடும். ஆட்களை எதை வைத்து அமுக்கிப் பார்ப்பது?

“இங்க பாருங்க” என்றாள், கடுப்பில்லாமல் பேச வேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தாள், கடுப்போடுதான் வந்தது, தொண்டைக்கு அது பழகிவிட்டது. “இந்த மாதிரி எனக்குத் தெரியாதது இன்னும் வேற ஏதாவது இருக்கா?”

சான்கோ ராங்கெலைப் பார்த்தான். ராங்கெல் அவளைப் பார்த்தான், நேராக. “சிரிக்க மாட்டியே?”

“மாட்டேன்” என்றாள், சொன்னபோதே அது எவ்வளவு தூரம் நிஜம் என்று அவளுக்கு நிச்சயமில்லை.

சரி என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டிவிட்டு, சான்கோ இடது கையை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தான், ஒளிப்பதற்கு யோசிப்பவன் மாதிரி இல்லை, கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிட்டோம் என்று யோசிப்பவன் மாதிரி உண்மையாகவே யோசித்தான், பிறகு சுண்டுவிரலை மடக்கினான். “அந்த மூலைல, பாத்திரம் கழுவின தண்ணி போறதுக்கு ஒரு வாய்க்கா வெட்டினோம்.” “அது மூடியாச்சுடா” என்றான் ராங்கெல். “யாரு மூடினா?” “மூடலையா அப்ப? நீ மூடினன்னு நெனச்சேன்.” அடுத்த விரல். “வண்டி சாஞ்சா கத்துமே, அந்த மணி…” “அது எப்பப் பாத்தாலும் கத்துது வெனே, தல வலிக்குது, அதான் வயர உருவி வெச்சிருக்கேன், திரும்ப மாட்டிடுவேன்.” அடுத்த விரல். “சிமென்ட் வண்டி ஒண்ணு போன மாசம் ஆத்துப் பக்கத்துல இறங்கிடுச்சு மேடம், நீங்க சோஃபியா போயிருந்தீங்க, இழுத்துப் போட்டுட்டு மேல ஜல்லி கொட்டிட்டோம்…” “எந்தப் பக்கம்?” என்றாள் வெனெத்தா. “இந்தப் பக்கம்” என்றான் சான்கோ, “இல்ல, அந்தப் பக்கம்” என்றான் ராங்கெல், இருவரும் ஆளுக்கொரு திசையில் கையை நீட்டிக்கொண்டு அதைப் பற்றி விவாதிக்க ஆரம்பித்தார்கள், ஒருவனிடமும் பயம் இல்லை, அவளிடம் சொல்வது இவ்வளவு சுலபம் என்று இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி ஓர் உற்சாகம்கூட. அவள் சிரிக்கவில்லை. சான்கோவுக்கு இடது கை விரல்கள் முடிந்துவிட்டன, வலது கையை விரித்தான். மேடை எப்போதும் போலத் தட்டையாக, சுத்தமாக, வெயிலில் வெளுத்துக் கிடந்தது. சான்கோ காட்டிய பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று வெனெத்தா ஒரு காலைத் தூக்கினாள், அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.